இந்த ஷிப்மென்ட் போகட்டும்

என் பற்கள் மேசைமேல் இருக்கின்றன. மேல்வரிசை ஒன்று, கீழ்வரிசை ஒன்று. பிளாஸ்டரில் வார்த்தவை. பல் டாக்டர் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. எறியவும் மனம் வரவில்லை.

“தூக்கத்துல பல்லக் கடிக்கறீங்க,” என்றார் அவர். “கடைவாய்ப் பல்லுல மேடெல்லாம் தேஞ்சு சமமாக் கெடக்குது பாருங்க. எத்தன நாளாக் கடிக்கறீங்க?”

“எனக்கே தெரியலீங்க டாக்டர்.”

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது. நீ வேறொரு டாக்டரிடம் சொன்னது. அதே இழுப்பு. சாய்ந்த நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தேன். முகத்துக்கு மேல் விளக்கு. நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். “பாடம் எழுதுனவளும் நீயே, பரிச்ச எழுதறவளும் நீயேவா புள்ள?”

வருகிற புதன்கிழமை நீ போய் ஒரு வருஷம். அதற்கு முன் உன் அம்மாவிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உன் வலியை நீ என்னிடம் சொன்னாய். நான் உன்னைப் பொறுத்திருக்கச் சொன்னேன். இது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. அம்மாவுக்குத் தெரியாது. தெரியாததால் அவர் வேறொன்றை நம்பிக்கொண்டிருக்கிறார். நாளை ஞாயிறு. நாளை போகப் போகிறேன். போவதற்கு முன் உன்னிடம் ஒருமுறை எழுதிச் சொல்லிப் பார்க்கிறேன்.

*

கோயமுத்தூரில் எம்.ஏ. படித்தபோது ஒரு கட்டுரை எழுதினேன். உணர்ச்சியை அடக்குவது பற்றிய மரபுத்தொடர்கள். அப்போது நீ பனியன் கம்பெனியில் டெய்லர் ஆகியிருந்தாய். விடுமுறைக்கு நம் ஊர் ஊத்துக்குளிக்கு வரும்போதெல்லாம் காலைப் பாசஞ்சரில் உன்னோடு திருப்பூர் வரை சும்மா வருவேன், மடியில் நோட்டோடு. அடுத்த வண்டியில் தனியாகத் திரும்பிவிடுவேன்.

மனதைக் கல்லாக்கிக்கொள்வது. கண்ணீரை விழுங்குவது. வாயை மூடிக்கொண்டு இருப்பது. பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது. நோட்டில் இந்த நான்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

முதல் மூன்றும் எளிதாக இருந்தன. கல்லான பிறகு வலிக்காது. விழுங்கினால் கண்ணில் தெரியாது. வாயை மூடு என்பது பெரும்பாலும் வேறொருவர் போடும் உத்தரவு. நான்காவது மட்டும் பிடி கொடுக்கவில்லை. அதில் வலி அப்படியே இருக்கிறது. குறையவில்லை, எங்கும் போகவுமில்லை. ஆள் மட்டும் அசையாமல் நிற்கிறாள்.

இது எங்கிருந்து வந்தது என்று பேராசிரியர் கேட்டார். முறிந்த எலும்பை இழுத்துக் கட்டும்போது பல்லிடையே துணியைச் சுருட்டிக் கொடுப்பார்கள், அங்கிருந்து வந்திருக்கலாம் என்று எழுதினேன். ஓரத்தில் சிவப்பு மையில் ‘ஆதாரம்?’ என்று வந்தது. ஆதாரம் இல்லை. அடித்துவிட்டுப் பிரசவ வலி என்று எழுதினேன். அதற்கும் ஆதாரம் இல்லை. கோபத்திலும் மனிதர்கள் பல்லைக் கடிக்கிறார்களே, அது வேறா, இதுவேதானா என்று இன்னொரு கேள்வி.

நீ ரயிலில் டிபன் பாக்ஸைத் திறந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாய்.

“இதுக்கெல்லாம் மார்க்குப் போடறாங்களா?”

“போடறாங்க. சொல்லு புள்ள, வலிச்சா எதுக்குப் பல்லக் கடிக்கறோம்?”

“வலிச்சா யாரு கடிக்கறா? தனியாக் கெடக்கறப்ப வலிச்சா ஐயோ அம்மான்னு கத்தத்தான் செய்யறோம். பக்கத்துல ஆளிருந்தாத்தான் கடிக்கறோம். சத்தம் அவங்க காதுக்குப் போயிரக் கூடாதுன்னு.”

“அப்பக் கோவத்துல கடிக்கறது?”

“அதுவும் அதேதான். வெளிய உட்டா வேல போயிருமில்ல?” விரலை நக்கிவிட்டு என் நோட்டை எட்டிப் பார்த்தாய். “இதையும் எழுதறயா? அடக் கெரகமே!”

எழுதினேன். வலியைத் தாங்க அல்ல, வலியைக் கேட்கக்கூடிய ஒருவர் அருகில் இருப்பதால்தான் பல் கடிபடுகிறது என்று. முழுக் கட்டுரையிலும் பேராசிரியர் அந்த ஒரு வரிக்குக் கீழ் மட்டும் கோடு போட்டிருந்தார். நான் உன் பெயரைப் போடவில்லை. ‘தகவல் தந்தவர்: பெண், டெய்லர்’ என்று போட்டிருந்தேன்.

*

படித்து முடித்து வேலையில்லாமல் இருந்தபோது உன் மேனேஜரிடம் நீதான் என்னைக் கூட்டிப்போனாய். “இங்கிலீஷ்ல மெயில் போடுவாளுங்க சார். நல்லாப் போடுவா.” என் இங்கிலீஷ் எப்படி இருக்கும் என்று உனக்கு என்ன தெரியும்? நான் மெர்ச்சண்டைசர் ஆனேன். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயிலில் பதில் சொல்வதும், துணி வந்ததா, தைத்தாயிற்றா, கன்டெய்னர் ஏறுமா என்று எல்லோரையும் விரட்டுவதும் என் வேலை. மேலே என் கண்ணாடி அறை. கீழே உன் தையல் லைன்.

கம்பெனியில் ஒரு ஊசி உடைந்தால் என்ன நடக்கும் என்று வெளியாட்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். துண்டுகள் எல்லாம் கிடைத்தாக வேண்டும். அவற்றைச் சேர்த்து வைத்து ஊசி முழுதாகிறதா என்று பார்த்து, ரிஜிஸ்டரில் செல்லோடேப்பால் ஒட்டி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி. முனை மட்டும் காணவில்லை என்றாலும் லைன் நிற்கும். எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் பனியனுக்குள் அது இருந்துவிடக் கூடாது.

ஒருநாள் உன் ஊசி உடைந்தது. முனையைக் காணோம். சூப்பர்வைசர் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் தவழ்ந்தார். இரண்டு பேர் மெஷினுக்கு அடியில் நுழைந்தார்கள். சத்தம் கேட்டு நானும் இறங்கி வந்தேன். நீ வலது கையால் ஒவ்வொரு பீஸாக எடுத்துத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாய். வெள்ளைத் துணி. இடது கை மூடி, வயிற்றோடு ஒட்டி இருந்தது. தாடையில் ஒரு தசை மட்டும் ஏறி இறங்கிற்று. கடைசி பீஸையும் தள்ளி வைத்த பிறகு கையை விரித்தாய். ஆள்காட்டி விரலில், நகத்தைத் துளைத்து, முனை.

“ஏம்மா, இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?” என்று கத்தினார் சூப்பர்வைசர்.

“நீங்க என்னைய எங்கீங்க கேட்டீங்க? தரையத்தான கேட்டுட்டிருந்தீங்க?”

லைன் முழுக்கச் சிரித்தது. பின்னாலிருந்த ஒடிசாப் பெண்ணுக்கு யாரோ இந்தியில் சொல்ல, அவள் மட்டும் தாமதமாகச் சிரித்தாள்.

திரும்பும் ரயிலில் கேட்டேன். “ரத்தம் வெள்ளத் துணில பட்டா பண்டலே போயிரும். மொதல்ல அதைய நவுத்தோணுமில்ல?” என்றாய், விரலில் கட்டுத் துணியோடு. நான் வியந்துகொண்டிருந்தேன். என் கட்டுரைக்கு உயிர் வந்து எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. விரல் வலிக்கிறதா என்று நான் கேட்டேனா? நினைவில்லை. கேட்டிருந்தால் நினைவிருக்கும்.

*

கட்டுரையில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. வேலையில் சேர்ந்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. இந்தத் தொடரை யாரும் வெறுமனே சொல்வதில்லை. கூடவே ஒரு கெடு வரும். இன்னும் ரெண்டு மாசம் பல்லக் கடிச்சுட்டு இரு. பையன் படிச்சு முடிக்கட்டும். பொண்ணு கல்யாணம் ஆகட்டும். கெடு இருப்பதால்தான் அதைச் சொல்ல ஒருவருக்கு வாய் வருகிறது, கேட்பவருக்கும் தாங்க முடிகிறது. நம் ஊரில் அந்தக் கெடுவுக்கு ஷிப்மென்ட் என்று பெயர். ஒரு ஷிப்மென்ட் போன மறுநாள் அடுத்ததற்குத் துணி வந்து இறங்கும்.

புரட்டாசியில் ஒருநாள் காலைப் பாசஞ்சரில் விலாவுக்குக் கீழே கையை வைத்தாய். “இங்க, உள்ளாற யாரோ கிளிப்பு மாட்டி உட்ட மாதிரி இருக்குது புள்ள.” கேஸாக இருக்கும் என்றேன். இந்த ஷிப்மென்ட் போகட்டும், ஆஸ்பத்திரிக்குப் போலாம் என்றேன். போனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

தீபாவளி முடிந்து மறுபடி. “உக்காந்தா ஒண்ணுந் தெரியறதில்ல. எந்திரிச்சா உள்ளாற என்னமோ கீழ எறங்குது.” இந்த வாரம் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றேன்.

மார்கழியில் நானே கீழே வந்தேன், கையில் சாம்பிள் பீஸோடு. என் பொறுப்பில் விட்ட முதல் ஆர்டர். கழுத்துப் பட்டையைச் சுருக்கம் விழாமல் வைக்க அந்த லைனில் உன்னை விட்டால் ஆள் இல்லை. நீ எழுந்து நின்றாய். முகம் வெளுத்திருந்தது. “இன்னிக்கு முடியல புள்ள. எனக்கு என்னமோ” என்று தொடங்கினாய். நான் விடவில்லை. “நாளன்னைக்குக் கன்டெய்னர். ரெண்டே நாள் பல்லக் கடிச்சுட்டு இரு. எனக்காக.”

எனக்காக என்ற சொல்லை அதுவரை உன்னிடம் நான் சொன்னதில்லை. தேவைப்பட்டதில்லை. கேட்காமலே செய்வாய்.

நீ உட்கார்ந்தாய். மெஷின் ஓடியது. கன்டெய்னர் போனது. அதற்கு மறுநாள் ஊத்துக்குளி பிளாட்பாரத்தில், வண்டி வந்து நின்ற பிறகும் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தாய்.

*

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கட்டி பரவியிருக்கும்மா. இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க? எப்ப இருந்து வலி?”

உன் அம்மா உன் பக்கத்தில். நான் கதவோரம். நீ என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவனமாகச் சுவரைப் பார்த்தாய். தாடையில் அந்தத் தசை.

“எனக்கே தெரியலீங்க டாக்டர்.”

அது எனக்காக. இரண்டாவது முறை.

மூன்று வாரம்தான் இருந்தாய். உன் கட்டிலருகே நாம் இருவர் மட்டும் இருந்த நேரங்கள் எவ்வளவோ வந்தன. நான் ஒன்றும் சொல்லவில்லை. நீதான் கேட்டாய்.

“ஆர்டர் என்னாச்சு?”

“பாஸ் ஆயிருச்சு.”

“கழுத்து?”

“ஒரு கம்ப்ளெயின்டும் இல்ல.”

“பின்ன!” என்றாய். கண்ணை மூடிக்கொண்டாய்.

சாவு வீட்டில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். யாரோ என் கழுத்தையும் வளைத்து இழுத்தார்கள். என்னால் அழ முடியவில்லை. அந்த அழுகையில் சேர எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேனோ என்னவோ. பின்னால் ஒரு குரல் மெச்சிக்கொண்டது. “படிச்ச புள்ளயப் பாரு, பல்லக் கடிச்சுட்டு எப்பிடி நிக்குதுன்னு.”

அதே பாசஞ்சரில்தான் இப்போதும் போகிறேன். எதிர் இருக்கையில் யாராவது உட்காருவார்கள். பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வேன். பெரும்பாலும் கொடுப்பதில்லை. நாள் முழுக்கக் கண்ணாடி அறையில் யார் யாருக்கோ மெயில் எழுதுகிறேன். கீழே இறங்குவதில்லை. யாராவது மேலே வந்து லீவு என்றால் ஏன் என்று கேட்காமல் சூப்பர்வைசருக்குப் போன் போடுகிறேன். திமிர் என்கிறார்களாம். பேச ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்ற பயம் அது. உன்னிடம் என்றால் விளக்க வேண்டியதில்லை.

உன் அம்மா எல்லோரிடமும் ஒன்றே சொல்கிறார். பால் சொசைட்டி வரிசையில், பஸ்ஸில், வெண்ணெய் வாங்க வருகிறவர்களிடம். “என்ற புள்ள ஒருத்தருகிட்டயும் வாயத் தொறக்கலீங்களே. நாந்தான் அப்பிடி வளத்துப் போட்டேன். சின்னதுல கால எரும மிதிச்சுருச்சுன்னு அழுதுட்டு வந்தா. பொறுத்துக்க, அழுவாதன்னு அதட்டுனேன். அதையப் புடிச்சுக்கிட்டா.”

அந்த எருமைக்காக ஒரு வருஷமாகத் தன்னைத் தண்டித்துக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். மூன்று முறையோ நான்கு முறையோ. நீ சொன்னது சரிதான். பக்கத்தில் ஆள் இருந்தால்தான் கடிக்கிறோம்.

*

ஞாயிறு மாலை.

போய்விட்டு வந்தேன்.

அம்மா கட்டுத்தறியில் சாணியைத் தட்டில் வழித்துக்கொண்டிருந்தார். எருமை ஒன்று சினையாக இருக்கிறது. உனக்குத் தெரியாத எருமை.

“வா கண்ணு. பல்லு வலின்னு உங்கம்மா சொன்னா. செரியாப் போச்சா?”

“ஆச்சுங்கம்மா.”

“காப்பி வெக்கட்டுமா?”

“வேண்டாங்கம்மா. ஒண்ணு சொல்லோணும்.”

“சொல்லு சாமி.”

நேற்று எழுதியதையெல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் அந்த வரிசையில் வரவில்லை. “அவ எங்கிட்டச் சொன்னாங்கம்மா. வலிக்குதுன்னு. மூணு தடவ சொன்னா. நாந்தான் ஷிப்மென்ட் போகட்டும்னேன். நீங்க வளத்ததுல ஒண்ணுமில்லீங்கம்மா. நாந்தான்.”

அவர் நிமிரவில்லை. இன்னும் இரண்டு முறை வழித்தார். தட்டைக் கீழே வைத்தார்.

“என்னன்னு சொன்னா?”

“வலிக்குதுன்னு…”

“அது கேட்டுது. என்ன வார்த்த சொன்னா? அவ சொன்னபடிக்கே சொல்லு.”

சொன்னேன். உள்ளே கிளிப்பு மாட்டி விட்டதுபோல என்றதை. கையை முந்தானையில் துடைத்துவிட்டு அம்மா தன் விலாவில் வைத்தார்.

“இங்கயா?”

“இன்னுங் கொஞ்சம் கீழங்க.”

“இங்க?”

“ஆமாங்க.”

கையை எடுக்காமலே இரண்டாவதைக் கேட்டார். பிறகு மூன்றாவதை. “எனக்கு என்னமோன்னு ஆரம்பிச்சாங்கம்மா.”

“அப்பறம்?”

“அவ்வளவுதாங்க. நான் குறுக்க பேசிப் போட்டேன். ரெண்டு நாள் இரு, எனக்காகன்னேன்.”

எருமை அசை போடும் சத்தம்.

“சொல்லியிருக்கறா,” என்றார் அம்மா, என்னிடம் அல்ல. “எம்புள்ள வாயத் தொறந்து சொல்லித்தான் இருக்கறா.” முகத்தில் ஏதோ அவிழ்ந்தது. அடுத்த கணம் என்னைப் பார்த்தார். அது மறுபடி இறுகியது. “நீ போயிரு.”

“அம்மா…”

“போயிருங்கறேன். திட்டறதுக்கு நாக்குல வந்து நிக்குது. திட்டிப் போட்டா நீ இந்த ஊட்டுப் பக்கம் வர மாட்டே. அவளப் பத்திப் பேச எனக்கு ஆரு இருக்கறா?”

அவருடைய தாடையை நான் பார்த்தேன். உன்னுடையதேதான்.

“திட்டுங்கம்மா. நாளைக்கும் வர்றேன்.”

திட்டினார். உனக்கு அம்மாவின் திட்டுத் தெரியும், ஆனால் இது நீ கேட்டிராதது. “நாசமாப் போறவளே, உனக்குக் கன்டெய்னரு பெருசாப் போச்சா? படிச்சயே, ஆளு மூஞ்சியப் பாக்கறதுக்கு உனக்கு எந்தக் காலேசுல சொல்லிக் குடுத்தாங்க? உனக்காகன்னா? உனக்கு ஆருடீ அவ? கூடப் பொறந்தவளா, கொண்டு குடுத்தவளா?” பக்கத்து வீட்டு மதில்மேல் இரண்டு தலைகள் தெரிந்தன. அம்மா நிறுத்தவில்லை. பாதியில் அது அழுகையாயிற்று. வாயை அகலத் திறந்து, மூச்சு வாங்கி, ஊருக்கே கேட்கும்படி. கயிற்றில் இருந்த எருமை மிரண்டு ஒதுங்கியது. நான் நின்ற இடத்தில் நின்றேன். எனக்கும் கண்ணீர் வந்தது. சத்தம் வரவில்லை.

முடிந்தபின் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினார். தட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். குப்பைமேட்டில் கொட்டிவிட்டு வந்தபோதும் நான் அங்கேயே நிற்பதைப் பார்த்தார்.

“நாளைக்கு வா,” என்றார். மன்னித்த குரல் இல்லை. “மறுக்காவும் சொல்லோணும். மூணையும். ஒரு வார்த்த மாறக் கூடாது.”

தெருவில் யாரும் என்னோடு பேசவில்லை. எல்லோருக்கும் கேட்டிருக்கும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீ சொன்னவற்றை உன் குரலிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். முதலாவது வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது மட்டும் பாதியில் நிற்கிறது. எனக்கு என்னமோ என்றாய். எனக்கு என்னமோ பயமா இருக்குது என்று சொல்ல வந்தாயா? என்னமோ பண்ணுது என்றா? கையில் சாம்பிள் பீஸோடு நின்ற என் முகத்தைப் பார்த்து வேறு ஏதாவது சொல்ல நினைத்தாயா? எந்தச் சொல்லை வைத்து முடித்தாலும் அது நான் போட்டதாகத்தான் இருக்கும்.

நாளைக்கு அம்மா மறுபடி கையை விலாவில் வைத்துக்கொண்டு, அப்பறம் என்று கேட்பார். நான் அந்த இடத்தில் நிறுத்த வேண்டும்.